கரை முனையில் ஒரு வீடு

உத்திரமேரூர் கடைத்தெருவில் மோட்டாரும் குழாயும் விற்கும் அப்துல் ஜப்பாரின் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. சுவரோரமாகப் பிவிசி குழாய்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். நடுவே ஒரு பிளாஸ்டிக் மேசை, அதைச் சுற்றி நான்கு நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடை அடைத்ததும் நான்கு பேர் அங்கே கூடிப் பலகை ஆட்டம் ஆடுவது இரண்டு வருடத்துப் பழக்கம். அந்த நான்கு நாற்காலிகளில் ஒன்று அன்று காலியாக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. எழுந்து போக வேண்டியவர் சுகிர்தாவா, ஆல்வினா என்பது மட்டுமே பாக்கி.

சுகிர்தா மாடிப்படி ஏறி வந்தபோது ஆல்வின் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தான். அவளுடைய நாற்காலியின் மேல் அவனுடைய ஹெல்மெட் இருந்தது.

"அத்த எடு," என்றாள் சுகிர்தா.

"உக்காரப் போறியா? சொல்லிக்கினு போவ வந்தியோன்னு நெனச்சேன்."

"நீ எடுக்கறியா, நான் படியில உருட்டி வுடவா?"

ஜப்பாரின் மகன் அஸ்லம் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக் குழாய்க் கட்டின் மேல் வைத்தான். "ஆரம்பிக்கறதுக்கு முன்னயே பேஜார் பண்ணாதீங்கப்பா. அத்தா கீழதான் கீறாரு," என்றான்.

நான்காமவர் வேதகிரி. திருமுக்கூடலைச் சேர்ந்தவர், அரிசி ஆலையில் எடை போடுகிற வேலை. மற்ற மூவரையும்விட மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அண்ணன். அவர் யார் முகத்தையும் பாராமல் பலகையை விரிக்கத் தொடங்கினார்.

பகை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆல்வின் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சுகிர்தா பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து தருகிறவள்; மாகறலிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறாள். இருவரும் ஒரே சபை. இந்த மேசையில்தான் பழகினார்கள். பெரியவர்கள் பேசி, போதகர் ஜெபித்து, நிச்சயமும் ஆயிற்று. நிச்சயத்துக்குப் பிறகு ஆல்வின் தன்னை 'நீங்க' என்று அழைக்கச் சொன்னான், அவளும் அழைத்தாள். ஒரு நாள் ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது அவன் சொன்னான்: "கல்யாணத்துக்கப்புறம் நீ இங்கெல்லாம் வர வேணா. ஆம்பளைங்களோட உக்காந்துக்கினு இன்னா ஆட்டம்? நான் மட்டும் போறேன். வந்து இன்னா நடந்துச்சின்னு சொல்றேன்."

கடைசி வாக்கியத்தை அவள் பேருந்தில் போகும்போது பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வந்து சொல்கிறேன். வாரம் முழுவதும் அடுத்தவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் தட்டச்சு செய்கிறவளுக்கு, அவளை எதிர்த்து ஆடி, அவளிடம் தோற்று, அவளைத் திட்டவும் செய்கிற ஒரே இடம் அந்த மேசை. அதையும் அவன் வாய்வழியாகக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். மறுநாளே மோதிரத்தைப் போதகரிடம் கொடுத்தனுப்பினாள். 'நீங்க' மறுபடி 'நீ' ஆயிற்று.

அதன் பிறகும் இருவரும் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். சென்ற வாரம் ஆல்வின், "இவ இருந்தா நான் இருக்க மாட்டேன். யாருன்னு நீங்களே சொல்லுங்க," என்றான். அஸ்லமாலும் வேதகிரியாலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் வேதகிரிதான் வழி கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிறு ஒரே ஓர் ஆட்டம். நால்வரும் ஆடுவது, ஆட்டம் முடியும்போது இந்த இருவரில் யாருக்குப் புள்ளி குறைவோ, அவர் எழுந்து போய்விட வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலகை முழுவதும் ஆறு பக்கமுள்ள நிலத் துண்டுகள். ஒன்றில் நெல் விளையும். ஒன்றில் செங்கல், ஒன்றில் மரம், ஒன்றில் ஆடு, ஒன்றில் கல் கிடைக்கும். துண்டுகள் ஒட்டுகிற கோடுகளை அவர்கள் வரப்பு என்பார்கள். வரப்புகள் கூடும் இடம் முனை. சாலை வரப்பின் மேல் போகும், வீடு முனையில் நிற்கும். பகடையில் விழும் எண்ணுக்கு ஏற்ப, வீட்டை ஒட்டிய நிலம் அதன் விளைச்சலைச் சீட்டாகத் தரும். அந்தச் சீட்டுகளைக் கொடுத்து மேலும் சாலை, மேலும் வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி. நெல்லும் கல்லும் கொடுத்து அதை மாடி வீடாக்கினால் இரண்டு. முதலில் பத்துப் புள்ளி சேர்ப்பவருக்கு வெற்றி.

பகை செய்வதற்கு வசதியான விதிகள் இரண்டு. ஒரு வீட்டுக்குப் பக்கத்து முனையில் இன்னொரு வீடு வைக்கக் கூடாது. நடுவே ஒரு முனையாவது காலியாக இருக்க வேண்டும். ஆகவே ஒருவர் ஒரு வீடு வைத்தால் சுற்றியுள்ள முனைகளும் மற்றவர்களுக்குச் செத்துப் போகும். இன்னொன்று, அடுத்தவர் வீடு நிற்கும் முனையைத் தாண்டிச் சாலை போட முடியாது.

முதல் வீடு வைக்கும் முறை சுகிர்தாவுக்கு விழுந்தது. நெல்லும் செங்கல்லும் மரமும் கூடும் முனையில் தன் வெள்ளை வீட்டை வைத்தாள். சுற்று திரும்பி வந்தபோது இரண்டாவதைக் கல் கிடைக்கும் இடத்தில் வைத்தாள். ஆல்வின் தன் மஞ்சள் வீடுகள் இரண்டையும் அவளுடைய இரண்டு வீடுகளுக்கும் அருகில், எண் சரியாக விழாத வறண்ட முனைகளில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அங்க உனக்கு இன்னாப்பா கெடைக்கும்?" என்றார் வேதகிரி.

"எனக்கு ஒண்ணும் கெடைக்கலன்னாலும் பரவால்லண்ணா. இவளுக்குக் கெடைக்காம இருந்தா போதும்."

"நிச்சயத்துக்கு முன்ன இதச் சொல்லியிருந்தா மோதரச் செலவு மிஞ்சியிருக்கும்," என்றாள் சுகிர்தா.

அஸ்லம் சிரித்துவிட்டு, ஆல்வினின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஆட்டம் சூடு பிடித்தது. சுகிர்தா செங்கல் பக்கமிருந்து இரண்டு சாலை நீட்டினாள். மூன்றாவது போடுவதற்குள் அந்த முனையில் ஆல்வினின் வீடு வந்து நின்றது. மேற்கே திரும்பினாள், அங்கேயும் ஒன்று. பகடையில் ஏழு விழுந்தால் மாட்டை நகர்த்தலாம். பெட்டியில் வந்த திருடன் பொம்மை குழாய்களுக்கு அடியில் எங்கோ தொலைந்து போனதால், அஸ்லமின் குழந்தை விளையாடும் பிளாஸ்டிக் மாடு ஒன்று அதற்குப் பதிலாக இருந்தது. மாடு நிற்கும் நிலத்தில் விளைச்சல் கிடையாது. ஆல்வினுக்கு இரண்டு முறை ஏழு விழுந்தது. இரண்டு முறையும் மாடு அவளுடைய நெல்லில் இறங்கியது.

"மேயட்டும். பாவம், பசி," என்றான்.

அவளிடமிருந்து ஆடு வாங்கிக்கொண்டு மரம் தர அஸ்லம் கையை நீட்டினான். ஆல்வின், "இவளுக்குக் குடுத்தீனா அடுத்த மாடு உன் வூட்ல," என்றான். அஸ்லம் கையை இழுத்துக்கொண்டான். தகராறை மூன்றாம் மனிதனாகப் பார்க்கும் வசதியை இழக்க அவனுக்கு மனமில்லை.

வேதகிரியோ இவர்களுடைய சண்டையால் கொழுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் யாரும் போகவில்லை. பச்சை வீடுகளும் மாடி வீடுகளுமாக எட்டுப் புள்ளிக்கு வந்துவிட்டார். ஆட்டம் முடிய அதிக நேரமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

சுகிர்தா இருந்த இரண்டு வீடுகளையும் மாடி வீடுகளாக்கி நான்கு புள்ளியில் நின்றாள். ஆல்வினுக்கும் நான்கு. அவளுக்குத் திறந்திருந்த ஒரே வழி, பலகையின் நீல விளிம்பை ஒட்டிய வரப்பு. அதன் மேல் சாலை போட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து நிலங்களுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். ஒவ்வொரு சாலையாக வைத்துப் போனாள்.

"ஏரிக்கரை மேல வாக்கிங் போறாப்பா," என்றான் ஆல்வின்.

கரையை விட்டு இறங்கி அவள் முதலில் வந்து சேர வேண்டிய உள் முனையில், அவள் வருவதற்கு முந்திய சுற்றிலேயே அவன் தன் வீட்டை வைத்தான். ஐந்து புள்ளி. வைத்த பிறகு விரலை எடுக்காமல் அவளைப் பார்த்தான்.

"எல்லாப் பக்கமும் அடைச்சாச்சி. இன்னா பண்ணப் போற? மாகறல் பஸ்ஸு வர்ற நேரந்தான். இப்பவே எழுந்தா சீட்டு கெடைக்கும்."

சுகிர்தா பலகையைப் பார்த்தாள். உண்மைதான். உள்ளே போகிற வழி ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மஞ்சள் வீடு. கையில் வீடு கட்டத் தேவையான சீட்டுகள் இருந்தன; வைக்க இடம் இல்லை. காலியாகக் கிடந்தவை நீல விளிம்பின் மேலுள்ள கரை முனைகள் மட்டுமே.

கரை முனைகளில் அந்த மேசையில் யாரும் வீடு வைப்பதில்லை. அது சுகிர்தா செய்த விதி. இந்த ஆட்டப் பெட்டி அஸ்லமின் மனைவி ஃபர்ஹானாவின் சீரோடு வந்தது. ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். தொடக்கத்தில் ஒரு நாள் அஸ்லம் நீல விளிம்பில் வீடு வைக்கப் போனபோது சுகிர்தா கையை நீட்டித் தடுத்தாள். நீலம் கடல், கடலோரம் கட்டலாம் என்று ஃபர்ஹானா சொல்லிப் பார்த்தாள். "நம்ம பக்கம் கடலு எங்க கீது? இது ஏரிதான். எங்க வூடு கரையிலதான் இருந்துச்சி. ஆக்கிரமிப்புன்னு இடிச்சிட்டாங்க. கரை மேல ரோடு போலாம், வூடு கூடாது," என்றாள் சுகிர்தா. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அன்று முதல் நீலம் ஏரி ஆயிற்று. கரை வெறுமையாகக் கிடந்தது. ஆல்வின் அவளை அடைத்ததெல்லாம் இந்த விதியை நம்பித்தான். நான்காவது சுவரை அவளே கட்டி வைத்திருந்தாள்.

அவள் சீட்டுகளை மேசையில் வைத்தாள். வெள்ளை வீடு ஒன்றை எடுத்துக் கரை முனையில் நிறுத்தினாள்.

"எடு," என்றான் ஆல்வின்.

"எடுக்க மாட்டேன்."

"ஏரிக்கரை அது. நீ சொன்னதுதான?"

"நான் சொன்னதுதான். இப்ப நானே கட்றேன்."

"அப்டி இல்லம்மா," என்றார் வேதகிரி. அவருடைய குரலிலும் சூடு ஏறியிருந்தது. "சொன்னது நீ, கட்டுப்பட்டது நாங்க. போன தீவாளிக்கு ஒரே ஒரு புள்ளில தோத்தேன். கரை காலியாத்தான் கெடந்துச்சி. நான் கட்டனனா? உனக்கு மூச்சு முட்டுதுன்னா மட்டும் விதி மாறிடுமா?"

அவர் கேட்டது நியாயம் என்பது சுகிர்தாவுக்கே தெரிந்தது. அதை அவள் முகத்தில் கண்ட ஆல்வின் இன்னும் ஒரு படி மேலே போனான்.

"இடிச்ச அன்னிக்கி இவங்கப்பா நடுரோட்ல உக்காந்துக்கினு, போற வர்றவன் காலெல்லாம் புடிச்சிக்கினு அழுதாராம். அந்தக் கதயச் சொல்லித்தான நம்ம வாயெல்லாம் மூட வெச்சா? இப்ப தேவன்னா அப்பாவ எடுப்பா, தேவயில்லன்னா தூக்கி வெச்சிடுவா."

வீடு இடிந்ததை மட்டும்தான் சுகிர்தா இந்த மேசையில் சொல்லியிருந்தாள். அப்பா காலைப் பிடித்து அழுததை ஒருவரிடமும் சொன்னதில்லை. நிச்சயத்துக்குப் பிறகு, செய்யாற்றுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, ஆல்வினிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

வேதகிரி தலையைக் குனிந்துகொண்டார். மொட்டை மாடிக் கதவருகே குழந்தையை இடுப்பில் வைத்து நின்றிருந்த ஃபர்ஹானா, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"முடிச்சிட்டியா?" என்றாள் சுகிர்தா. "இன்னும் எதனா பாக்கி கீதா? நான் சொன்னது நெறய கீது. ஒண்ணொண்ணா எடுத்து வெய்யி."

அவள் வேதகிரியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க கேட்டது நாயம். நான் தப்பாத்தான் விதி போட்டுட்டேன். எங்க வூட்ட இடிச்சவன் இன்னா சொன்னானோ, அத்தயே நானும் சொல்லிக்கினு, ரெண்டு வருசமா உங்களயும் கட்ட வுடாம பண்ணிக்கினு இருந்திருக்கேன். தீவாளிக்கு நீங்க தோத்தது என்னாலதான். தொறந்துடலாம். எனக்கு மட்டும் இல்ல, நாலு பேருக்கும். ஒருத்தர் ஒத்துக்கலன்னாலும் எடுத்துட்றேன். எழுந்தும் போயிட்றேன்."

"நாலு பேருக்கும்னா எனக்கு ஓகே," என்றான் அஸ்லம்.

வேதகிரி தம் பச்சைச் சாலையைப் பார்த்தார். அதன் முனையும் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "எனக்கு லாபந்தான். வேணான்னு எதுக்குச் சொல்லப் போறேன்," என்றார் ஒளிவுமறைவின்றி.

மூவரும் ஆல்வினைப் பார்த்தார்கள். அவன் ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். 'முடியாது' என்றால் அவள் அப்போதே பேருந்து பிடிக்க வேண்டியதுதான். ஆனால் அவன் தன் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தான். செங்கல், மரம், நெல், ஆடு, எல்லாம் இரண்டு வீட்டுக்குப் போதும். அவளுடைய கரைச் சாலையின் நடுவே ஒன்றைச் செருகி, அதை அவள் கண்ணெதிரே இரண்டாக அறுப்பது எப்படி இருக்கும் என்று அவன் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. வெறுமனே அனுப்புவதைவிட அது அவனுக்கு ருசித்தது.

"தொறந்து வுடு," என்றான். "நீ ஒண்ணு கட்டு, நான் ரெண்டு கட்றேன். இந்தத் தபா இடிக்கறது நான்."

சுகிர்தா பகடையை அவனிடம் தள்ளினாள். ஆல்வின் உருட்டினான், இன்னொரு நெல் வந்தது. நான்கு சீட்டுகளை விசிறி போல மேசையில் விரித்தான். கரையில், அவளுடைய வீட்டிலிருந்து இரண்டு முனை தள்ளி விரலால் தட்டி இடம் காட்டினான். மற்றக் கையால் தன் பக்கத்து மேசையைத் தடவினான். மஞ்சள் சாலைக் குச்சிகள் நகர்ந்தன. மறுபடி தடவினான்.

"வூடு எங்க?"

"இன்னாது?"

"என் வூடு. மஞ்ச வூடு. கீழ வுழுந்துச்சா பாரு."

அஸ்லம் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். வேதகிரி பலகையை எண்ணினார். எண்ணி முடித்து மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"ஆளுக்கு அஞ்சுதாம்ப்பா. உன் அஞ்சும் அவளச் சுத்தித்தான் நிக்குது."

மாடி வீடாக மாற்றினால் வைத்த வீடு கைக்குத் திரும்பி வரும். அதற்குக் கல் வேண்டும். அவனுடைய ஐந்து வீடுகளில் ஒன்றுகூடக் கல் நிலத்தைத் தொடவில்லை. விளைச்சலைப் பார்த்து வைத்த வீடு அதில் எதுவுமில்லை.

"அண்ணா, கல்லு குடுங்க. ஒண்ணுக்கு மூணு தர்றேன்."

"எனக்கே பத்தல."

"அஸ்லம்?"

"சுகிர்தாவுக்கு மரம் குடுக்க வுட்டியா நீ?" என்றான் அஸ்லம்.

"அப்ப ஒரு பைப்பு மூடிய வூடுன்னு வெச்சிக்கறேன். திருடனுக்கு மட்டும் பொம்ம மாட்ட வெக்கலியா?"

"திருடன் தொலஞ்சிட்டான்னு மாட்ட வெச்சோம். உன்னுது தொலயலியே," என்றார் வேதகிரி.

ஆல்வின் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கவிழ்த்து வைத்தான். அடுத்த சுற்றில் சுகிர்தா கரையில் இரண்டாவது வீட்டையும் வைத்தாள். வீடு ஒருமுறை சாய்ந்து, பிறகு நின்றது. அதற்கு அடுத்ததாக வேதகிரி கரையில் ஒரு வீடும் உள்ளே ஒரு மாடி வீடுமாகப் பத்தைத் தொட்டு ஆட்டத்தை முடித்தார். சுகிர்தாவுக்கு ஆறு. ஆல்வினுக்கு ஐந்து.

அவன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். சண்டை போடவில்லை. படிக்கட்டின் மேல்படியில் நின்று திரும்பினான்.

"வேதகிரிண்ணா, வர்றீங்களா? நான் கெளம்பறேன்."

அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. வேதகிரி ஒவ்வொரு வாரமும் வருவதும் போவதும் ஆல்வினின் பைக்கில்தான்.

"பஸ்ஸு கீதே அண்ணா," என்றாள் சுகிர்தா.

"ஞாயித்துக்கெழம எங்க ஊரு பஸ்ஸ நம்பி வர முடியுமாம்மா?" வேதகிரி செருப்பைத் தேடினார். ஜெயித்தவருக்கு உரிய களை அவர் முகத்தில் இல்லை. "பாக்கலாம். அடுத்த வாரம் ஆலையில லோடு கீதுன்னாங்க. பாக்கலாம்."

ஆல்வின் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான். அன்று முழுவதும் அவன் செய்த ஒரே நிதானமான காரியம் அது. "நாற்காலி உன்னுதுதான். நல்லா உக்காரு. நாலுலயும் மாத்தி மாத்தி உக்காந்துக்க."

படியில் இரண்டு ஜோடிச் செருப்புகள் இறங்கின. கீழே பைக் கிளம்பியது.

சுகிர்தா தன் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். எதிரே அஸ்லம் மட்டும். அவன் எழுந்துபோய்ச் சுவரோரம், கதவுக்கு அருகில் நின்றுகொண்டான்.

"ரெண்டு பேருக்கு இந்த ஆட்டம் கெடயாது," என்றான் தரையைப் பார்த்து. "அதுவுமில்லாம, நீங்களும் நானும் மட்டும்னா அத்தா ஒத்துக்க மாட்டாரு. கடத்தெருவு. தப்பா நெனச்சிக்காதீங்க."

"நெனச்சிக்கல," என்றாள். தான் எதை வென்றோம் என்று அவளுக்குப் புரியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

ஃபர்ஹானா உள்ளே வந்தாள். குழந்தையைக் கணவனின் கையில் கொடுத்துவிட்டு, "புடிங்க. பால் குடிச்சிட்டான், அழ மாட்டான்," என்றாள். ஆல்வினின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மஞ்சள் வீடுகளைப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் முன்னே சேர்த்தாள்.

"நீயா?" என்றான் அஸ்லம்.

"பொட்டி யாருது? உக்காருங்க. அவன மடியில வெச்சிக்கினே ஆடலாம்."

சுகிர்தா பையை இறக்கி வைத்தாள். "ரொம்ப தேங்க்ஸ் ஃபர்ஹானா. நீ மட்டும் வரலன்னா..."

"தேங்க்ஸெல்லாம் எதுக்குக்கா? உங்களுக்காகவா வந்தேன்? கையில புள்ளய வெச்சிக்கினு கதவண்ட நின்னு நீங்க தப்புத் தப்பா ஆடறத எத்தினி நாளு பாக்கறது?"

சுகிர்தாவுக்கு முகம் சுருங்கியது. "தப்பாவா? ஜெயிச்சிருக்கேன்."

"ஆறு புள்ளி எடுத்தீங்க. பத்து எடுத்தாத்தான் ஜெயிச்சது."

நிலத் துண்டுகளைக் கலைத்து மறுபடி பரப்பினார்கள். பகடை உருட்டியதில் முதல் முறை ஃபர்ஹானாவுக்கு. அவள் பலகையை நிதானமாகப் பார்த்தாள். நெல்லும் செங்கல்லும் மரமும் கூடுகிற முனை ஒன்று, நல்ல எண்களோடு, சுகிர்தாவின் பக்கமாக வந்து விழுந்திருந்தது. சுகிர்தாவின் விரல்கள் வெள்ளை வீட்டை ஏற்கனவே பிடித்திருந்தன.

ஃபர்ஹானா மஞ்சள் வீட்டை அந்த முனையில் வைக்கவில்லை. அதற்குப் பக்கத்து முனையில், கல்லும் சேர்ந்து கிடைக்கிற இடத்தில் வைத்தாள். நல்ல முனை அந்த நொடியே செத்தது.

"அது நான் வெக்கற எடம்," என்றாள் சுகிர்தா.

"தெரியும்."

சுகிர்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். மஞ்சள் வீட்டிலிருந்து கிளம்புகிற சாலை எந்தப் பக்கம் போக ஆசைப்படும் என்று கண்ணால் அளந்து, சரியாக அந்த வழியின் குறுக்கே தன் வெள்ளை வீட்டை வைத்து அழுத்தினாள்.